விண்டோஸுக்கு எழுதிய மென்பொருள் லினக்ஸில் ஓடுமா?

"சார், இதை எத்தனை தடவை தட்டினாலும் திறக்க மாட்டேங்குது" என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வரும் மாணவர்கள் எங்கள் பள்ளியில் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. பெரும்பாலும் அது அவர்களுக்கென்று வாங்கியதாக இருக்காது. அண்ணனோ அக்காவோ மேல்நிலை வகுப்பில் படித்தபோது பெற்ற விலையில்லா மடிக்கணினியாக இருக்கும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த கணினிகளில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் என்று இரண்டு இயக்க அமைப்புகளைப் பதிந்து கொடுத்தார்கள். கணினியை இயக்கியதும் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். பெரும்பாலான வீடுகளில் எல்லாரும் விண்டோஸ் பக்கமே போனார்கள். பாஸ் பக்கம் தொடப்படாமலே கிடந்தது.

இப்போது நிலைமை தலைகீழ். நச்சுநிரல் புகுந்தோ, இடம் நிரம்பியோ, புதுப்பிப்பு நின்றுபோயோ விண்டோஸ் பக்கம் படுத்துவிடுகிறது. விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-இலும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை 2025 அக்டோபர் 14-இலும் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் வன்பொருள் இந்தப் பழைய கணினிகளில் கிடையாது. ஆனால் லினக்ஸ் பக்கம் இன்னும் ஓடுகிறது. மரக்காணத்தின் உப்புக் காற்றில் சார்ஜர் செருகும் துளை பச்சை பூத்துப்போன கணினியில்கூட ஓடுகிறது. உப்பளத்தில் வேலை செய்யும் குடும்பங்களுக்கு வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வருமானம் இருக்காது. அந்த வீட்டுப் பிள்ளையிடம் "புதுக் கணினி வாங்கிக்கொள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. கையில் இருக்கும் கணினியில், வேண்டிய மென்பொருளை ஓட வைக்க முடியுமா என்பதுதான் அவர்களுக்கும் எனக்கும் உள்ள கேள்வி. நான் கணித ஆசிரியர். கணினி ஆய்வகப் பொறுப்பையும் சேர்த்துப் பார்ப்பதால் இதில் இறங்க வேண்டியதாயிற்று. கற்றுக்கொண்டதை மற்றப் பள்ளி ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில், ஏன் ஓடுவதில்லை?

செயலி வேறு என்பதால் என்று மாணவர்கள் சொல்வார்கள். அது காரணமில்லை. ஒரே மடிக்கணினி, ஒரே இன்டெல் செயலி. அதில்தான் இரண்டு இயக்க அமைப்புகளும் ஓடுகின்றன. "இந்த இரண்டு எண்களைக் கூட்டு", "இந்த எண் பெரியதா பார்" போன்ற கட்டளைகள் இரண்டிலும் ஒன்றே. ஆனால் எந்த நிரலும் கூட்டிக் கழித்துக்கொண்டு மட்டும் இருப்பதில்லை. கோப்பைத் திற, திரையில் ஒரு பெட்டி வரை, எந்த விசை அழுத்தப்பட்டது என்று சொல், அச்சுப்பொறிக்கு அனுப்பு என்று நொடிக்கு நொடி இயக்க அமைப்பிடம் எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கும். அப்படிக் கேட்கும் பெயர்களும் முறையும் விண்டோஸில் ஒன்று, லினக்ஸில் வேறொன்று.

கோப்பின் உள்ளமைப்பும் வேறு. இதை வகுப்பிலேயே காட்டலாம். விண்டோஸின் எக்ஸ்இ கோப்பு ஒன்றை ஓட்டாமல், சாதாரண உரைத்திருத்தியில் திறந்து பாருங்கள். புரியாத குறிகளாகக் கொட்டும். அதன் முதல் இரண்டு எழுத்துகள் மட்டும் எப்போதும் ஆங்கில எம், இசட் என்றே இருக்கும். மைக்ரோசாஃப்டில் அந்தக் கோப்பு வடிவத்தை அமைத்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரின் முதலெழுத்துகள் அவை. டாஸ் காலத்தில் போட்ட கையெழுத்து இன்றைக்கும் அழியவில்லை. லினக்ஸ் நிரலைத் திறந்தால் ஒரு குறிக்குப் பிறகு ஈ, எல், எஃப் என்ற மூன்று எழுத்துகள் இருக்கும். எக்ஸ்இ கோப்பை இரட்டைச் சொடுக்கு செய்தால் லினக்ஸ் அந்த முதல் எழுத்துகளைப் பார்க்கிறது. தனக்குத் தெரிந்த வடிவம் இல்லை என்று நின்றுவிடுகிறது. மாணவர்களுக்கு இந்தச் சிறு செயல்பாடு மிகவும் பிடிக்கும். கோப்பின் பெயரில் உள்ள பின்னொட்டை மாற்றினால் கோப்பின் தன்மை மாறாது என்பதும் இதிலேயே விளங்கிவிடும்.

இடையில் நிற்கும் வைன்

எங்கள் ஊருக்கு உப்பு ஏற்ற மலையாளம் மட்டுமே தெரிந்த லாரி ஓட்டுநர் ஒருவர் வருவதாக வைத்துக்கொள்வோம். உப்பளத்தில் அவர் பேச்சு யாருக்கும் புரியாது. அவருக்குப் பக்கத்தில் இரு மொழியும் தெரிந்த ஒருவர் நின்றால் போதும். ஓட்டுநரும் மாற வேண்டாம், உப்பளமும் மாற வேண்டாம். வைன் என்னும் மென்பொருள் செய்வது இந்த வேலையைத்தான். விண்டோஸ் நிரல் "இந்தக் கோப்பைத் திற" என்று விண்டோஸ் முறையில் கேட்கும்போது, விண்டோஸ் இருக்க வேண்டிய இடத்தில் வைன் நின்று அந்தக் கோரிக்கையை வாங்கிக்கொள்கிறது. லினக்ஸ் முறையில் மாற்றிக் கேட்கிறது. கிடைத்த பதிலை விண்டோஸ் முறையிலேயே திருப்பிக் கொடுக்கிறது. கூட்டல், கழித்தல் போன்ற கட்டளைகள் எந்த மொழிபெயர்ப்பும் இல்லாமல் நேரே செயலிக்குப் போகின்றன. அதனால் வேகம் பெரிதாகக் குறைவதில்லை. 'வைன் இஸ் நாட் அன் எமுலேட்டர்' என்ற தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்துத்தான் வைன் என்ற பெயரை விளக்குகிறார்கள். எமுலேட்டர் என்பது இல்லாத ஒரு கணினியையே இருப்பதுபோல் நடித்துக் காட்டும் நிரல். வைன் அப்படி நடிப்பதில்லை.

இந்த மொழிபெயர்ப்பில் எவ்வளவு நுணுக்கம் இருக்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. விண்டோஸ் நிரல் 'சி டிரைவ்' என்று கேட்கும். லினக்ஸில் அப்படி ஒன்று கிடையாது. ஆகவே பயனரின் இல்லக் கோப்புறைக்குள் மறைவாக ஒரு கோப்புறையை உண்டாக்கி, அதையே சி டிரைவ் என்று வைன் காட்டுகிறது. விண்டோஸ் முகவரியில் பின்சாய்கோடு வரும், லினக்ஸில் முன்சாய்கோடு. விண்டோஸில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதிய கோப்புப் பெயரும் சிறிய எழுத்தில் எழுதியதும் ஒன்றே. லினக்ஸில் அவை இரண்டு வெவ்வேறு கோப்புகள். (பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற தொல்லை நம் தமிழுக்கு இல்லை.) நிரல் எப்படிக் கேட்டாலும் பெரிதும் சிறிதும் கலந்து தேடி, சரியான கோப்பை எடுத்துக் கொடுப்பதும் வைனின் பொறுப்பு.

இது ஒரே நாளில் நடந்ததில்லை. 1993-இல் பாப் ஆம்ஸ்டாட் தொடங்கிய வேலை; 1994 முதல் அலெக்சாண்டர் ஜூலியார் தலைமையில் தன்னார்வலர்கள் பலர் தொடர்கிறார்கள். 1.0 என்று எண் போட்டு வெளியிட 2008 ஜூன் ஆயிற்று, பதினைந்து ஆண்டுகள். மைக்ரோசாஃப்டின் மூலநிரலைப் பார்க்காமல், வெளியிடப்பட்ட ஆவணங்களை வைத்தும், விண்டோஸ் எப்படி நடந்துகொள்கிறது என்று சோதித்துப் பார்த்தும், ஆயிரக்கணக்கான செயற்பாடுகளை ஒவ்வொன்றாகப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. ஆவணத்தில் ஒன்று சொல்லியிருக்கும், விண்டோஸ் வேறொன்றைச் செய்யும். அந்தப் பிழையை நம்பி எழுதப்பட்ட மென்பொருள்கள் இருப்பதால், பிழையையும் அப்படியே செய்து காட்ட வேண்டும். 2018-இல் வால்வ் நிறுவனம் விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டுவதற்காக வைனை அடிப்படையாகக் கொண்டு புரோட்டான் என்பதை வெளியிட்ட பிறகு, இந்த வேலை இன்னும் வேகம் பிடித்தது. விளையாட்டு என்றதும் எங்கள் மாணவர்களின் காது நிமிர்ந்துவிடும். ஆனால் 2 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினியில் அந்த ஆசைக்கு இடமில்லை.

பாஸ் லினக்ஸில் வைனை நிறுவுவது கடினமில்லை. சென்னை சி-டாக் நிறுவனம் 2007 முதல் வெளியிட்டுவரும் பாஸ், டெபியன் என்னும் லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே டெபியனுக்கு எழுதிய வழிமுறைகள் பெரும்பாலும் அப்படியே பொருந்தும். தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பழைய விண்டோஸ் மென்பொருள்கள் பெரும்பாலும் 32 பிட் வகை. லினக்ஸ் 64 பிட்டாக இருந்தால், வைனின் 32 பிட் பகுதியையும் தனியாகக் கேட்டு நிறுவ வேண்டியிருக்கும். அதைச் செய்யாமல் "வைன் வேலை செய்யவில்லை" என்று விட்டுவிடுபவர்கள் அதிகம்.

டெவ் சி++ கதை

எங்களுக்கு இந்தக் கேள்வி கூர்மையாக வந்தது பதினோராம் வகுப்புக் கணினி அறிவியலில்தான். 2018-இல் வந்த பாடநூலில், சி++ நிரல்களை எழுதி ஓட்டிப் பார்க்க டெவ் சி++ என்னும் மென்பொருளைக் காட்டியிருப்பார்கள். அது விண்டோஸுக்காக எழுதப்பட்டது. வீட்டில் பாஸ் மட்டும் ஓடும் கணினி வைத்திருக்கும் பிள்ளை என்ன செய்யும்?

வைனில் அதை நிறுவிப் பார்த்தோம். திறந்தது, நிரலை எழுதி ஓட்டவும் முடிந்தது. பாடநூலில் உள்ள படமும் திரையும் ஒன்றாக இருந்ததில் மாணவர்களுக்கு நிம்மதி. ஆனால் இதில் வேடிக்கை ஒன்று இருக்கிறது. டெவ் சி++ என்பது எழுதும் பலகை மட்டுமே; நாம் எழுதியதை இயந்திர மொழிக்கு மாற்றும் உண்மையான வேலையைச் செய்வது அதற்குள் இருக்கும் மிங்-டபிள்யூ என்ற தொகுப்பான். அது ஜிசிசி என்னும் தொகுப்பானின் விண்டோஸ் வடிவம். ஜிசிசியோ லினக்ஸ் உலகத்தின் சொந்தப் பிள்ளை. ஆக, லினக்ஸில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றை, விண்டோஸ் வேடம் போட்டு, வைன் வழியாக மறுபடி லினக்ஸுக்குள் கொண்டுவந்திருந்தோம்! ஜி++ என்ற கட்டளையை முனையத்தில் நேரே கொடுத்தாலே போதும். கோட்பிளாக்ஸ், ஜீனி போன்ற எழுதும் பலகைகளும் லினக்ஸுக்கென்றே இலவசமாகக் கிடைக்கின்றன.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட வழக்கம்: மாணவர் ஒரு மென்பொருளின் பெயரைச் சொன்னால், "அதை வைத்து என்ன செய்யப் போகிறாய்?" என்று முதலில் கேட்பேன். அந்த வேலைக்கு லினக்ஸிலேயே ஆள் இருந்தால் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட வேண்டியதில்லை. கணிதத்தில் ஜியோஜீப்ரா இப்படித்தான். உலாவியிலேயே ஓடும், எந்த இயக்க அமைப்பு என்ற கேள்வியே எழாது. அறிவியல் ஆசிரியர்கள் பயன்படுத்தும் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் உருவகப்படுத்தல்களும் அப்படியே.

நிரலை மாற்றாமல் கொண்டுவரும்போது கவனிக்க வேண்டியவையும் உண்டு. பழைய பாடத்திட்டத்தில் டர்போ சி++ இருந்தது; அந்தக் காலத்துக் கையேடுகள் இன்னும் நகல் எடுக்கப்பட்டுக் கைமாறி வருகின்றன. அவற்றில் வரும் கோனியோ என்ற தலைப்புக் கோப்பும், திரையைத் துடைக்கும் கட்டளையும் டாஸ் உலகத்தைச் சேர்ந்தவை. லினக்ஸ் தொகுப்பான் ஏற்காது. 'வாய்டு மெயின்' என்று தொடங்கினாலும் ஜி++ பிழை காட்டும்; 'இன்ட் மெயின்' என்றே தொடங்க வேண்டும். ஒரு கணித ஆசிரியனாக எனக்குப் பிடித்தது இன்னொன்று. டர்போ சி++ இல் முழு எண்ணுக்கு 16 பிட் இடம்தான். 32,767-க்கு மேல் தாங்காது. 8-இன் தொடர்பெருக்கம் 40,320. அதைக் கணக்கிடச் சொன்னால் டர்போ சி++ கழித்தல் குறியோடு 25,216 என்று காட்டும். ஜி++ இல் முழு எண்ணுக்கு 32 பிட். 12-இன் தொடர்பெருக்கம் வரை சரியாக வரும், 13-இல் உடையும். அதே நிரல், அதே கணக்கு, இரண்டு விடைகள். 65,536-ஐ 40,320-இலிருந்து கழித்துப் பாருங்கள் என்று சொல்லி அங்கிருந்தே மட்டு எண்கணிதத்துக்குப் போய்விடலாம்.

டர்போ சி++ ஐயே ஓட்டித்தான் தீர வேண்டும் என்றால் அதற்கு டாஸ்பாக்ஸ் உண்டு. இது உண்மையான எமுலேட்டர். பழைய கணினியின் செயலி முதல் ஒலி அட்டை வரை எல்லாவற்றையும் நடித்துக் காட்டும். வைனுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிக் காட்டுவேன்.

தமிழ் எழுத்து என்னும் தனிச் சிக்கல்

மாணவர்களைவிட நம்மை அதிகம் கட்டிப்போடுவது தமிழ்த் தட்டச்சு. பல ஆண்டு வினாத்தாள்கள், ஆண்டுவிழா அறிக்கைகள், சான்றிதழ் மாதிரிகள் எல்லாம் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. "அந்தக் கோப்புகள் விண்டோஸில்தான் திறக்கும்" என்ற நம்பிக்கையாலேயே லினக்ஸ் வேண்டாம் என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு.

எழுத்துரு ஒரு நிரல் அல்ல; அது தரவு. ஓர் எண்ணுக்கு எந்த உருவத்தை வரைய வேண்டும் என்ற பட்டியல். ஆகவே அதை ஓட்ட வைன் தேவையில்லை. பாமினி எழுத்துருக் கோப்பை லினக்ஸில் நிறுவிவிட்டு, பழைய வினாத்தாளை லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் திறந்தால் தமிழ் வந்துவிடும். பக்க அமைப்பு மட்டும் அங்கங்கே நகர்ந்திருக்கும். ஆனால் உள்ளே இருப்பது தமிழே அல்ல என்பதை உணர வேண்டும். பாமினியில் 'அம்மா' என்று நாம் பார்ப்பது, கணினிக்கு ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச். எழுத்துரு என்ற சட்டையைக் கழற்றினால் அந்தக் குப்பைதான் தெரியும். தேடவும் முடியாது, அகரவரிசைப்படுத்தவும் முடியாது. இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டத்தான் தமிழ்நாடு அரசு 1999-இல் டாம், டாப் குறியீடுகளைத் தரப்படுத்தியது; பிறகு 2010-இல் ஒருங்குறியையும் டேஸ்16 குறியீட்டையும் அரசுப் பயன்பாட்டுக்கு அறிவித்தது. பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்ற 'பொங்குதமிழ்' போன்ற மாற்றிகள் உலாவியிலேயே கிடைக்கின்றன. ஒருமுறை மாற்றி வைத்துவிட்டால் எந்த இயக்க அமைப்பு என்ற கவலை அந்தக் கோப்புக்கு இனி இல்லை.

தட்டச்சு செய்யும் கருவி வேறு விஷயம். என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை போன்றவை விண்டோஸில் நாம் அழுத்தும் விசைகளை வழிமறித்துத் தமிழாக மாற்றுபவை. இவற்றை வைனில் நிறுவுவதால் பயனில்லை. வைன் சன்னலுக்குள் நடப்பது மட்டுமே அவற்றுக்குத் தெரியும். பக்கத்தில் லினக்ஸின் சொந்த நிரலாக ஓடும் லிப்ரே ஆபீஸில் நீங்கள் தட்டுவது அவற்றின் காதில் விழாது. லினக்ஸின் ஐபஸ் வசதியில் தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. அதை இயக்கிக்கொண்டால் எல்லா நிரல்களிலும் ஒரே மாதிரி தட்டலாம். தமிழ்99 பழகிய கைக்கு எந்த வேறுபாடும் தெரியாது.

வைனில் ஓடும் பழைய தமிழ் மென்பொருளில் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் தெரிந்தால், பெரும்பாலும் அது விண்டோஸோடு வரும் லதா எழுத்துருவைத் தேடுகிறது என்று பொருள். லினக்ஸில் லதா இல்லை. நோட்டோ தமிழ், லோகித் தமிழ் போன்ற இலவச எழுத்துரு ஒன்றை நிறுவி, லதாவுக்குப் பதில் அதைப் பயன்படுத்துமாறு வைன் அமைப்பில் காட்ட வேண்டும்.

எங்கே கை விரிக்கும்

வைனால் முடியாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். வன்பொருளை நேரடியாகத் தொடும் மென்பொருள்கள் பெரும்பாலும் ஓடாது. விரல்ரேகைக் கருவி, யுஎஸ்பி பூட்டு மாட்டினால்தான் திறக்கும் பதிப்பக மென்பொருள் ஆகியவை இந்த வகை. அவை விண்டோஸின் அடித்தளத்தில் செருக வேண்டிய இயக்கிகளைக் கேட்கும். அந்த அடித்தளம் வைனில் இல்லை. அச்சுப்பொறி மட்டும் விதிவிலக்கு. லினக்ஸுக்கு அந்த அச்சுப்பொறி தெரிந்திருந்தால், வைனில் ஓடும் நிரலும் அதில் அச்சிடும்.

அப்படிப்பட்ட மென்பொருளுக்கு மெய்நிகர் கணினி ஒரு வழி. விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற ஒன்றில் முழு விண்டோஸையே லினக்ஸுக்குள் நிறுவுவது. லாரி ஓட்டுநருக்காக மரக்காணத்துக்குள் ஒரு சிறு கேரளத்தைக் கட்டுவதைப் போன்றது. நன்றாக ஓடும், ஆனால் விண்டோஸுக்கு முறையான உரிமம் வேண்டும், நினைவகமும் தாராளமாக வேண்டும். 2 ஜிபி மடிக்கணினியில் இதை முயல வேண்டாம்.

பாதுகாப்பு பற்றி ஒரு எச்சரிக்கை. "லினக்ஸில் நச்சுநிரல் வராது" என்று சொல்லி வைனையும் நிறுவிக் கொடுப்பது ஆபத்து. விண்டோஸ் நிரலை ஓட்ட வைக்கும் அதே மொழிபெயர்ப்பாளர் விண்டோஸ் நச்சுநிரலின் கோரிக்கையையும் மொழிபெயர்ப்பார். அதோடு, வைன் இயல்பாகவே 'இசட் டிரைவ்' என்ற பெயரில் கணினியின் எல்லாக் கோப்புறைகளையும் உள்ளே ஓடும் நிரலுக்குக் காட்டும். பயனருக்கு உள்ள உரிமை அந்த நிரலுக்கும் உண்டு. நகல் கடையிலிருந்து வரும் பென்டிரைவுகளை நினைத்துப் பாருங்கள். வைன் அமைப்புக்குப் போய் அந்த இசட் டிரைவை நீக்கிவிடுவது நல்லது. நிர்வாகிக் கணக்கில் வைனை ஒருபோதும் ஓட்டக் கூடாது.

வியப்பான ஒரு நன்மையும் உண்டு. 1990-களில் விண்டோஸ் 3.1 காலத்துக்கு எழுதிய 16 பிட் மென்பொருள்கள் இன்றைய 64 பிட் விண்டோஸில் ஓடாது; மைக்ரோசாஃப்ட் அந்தக் கதவை மூடிவிட்டது. வைனில் அவற்றில் பல இன்றும் ஓடுகின்றன. பள்ளி அலமாரியில் பழைய கல்விக் குறுந்தகடுகள் கிடந்தால் தூக்கி எறியும் முன் ஒருமுறை முயன்று பாருங்கள். ஃபிளாஷில் செய்த பாடங்களாக இருந்தால் வைன் வேண்டாம். 2020 இறுதியோடு அடோபி அதைக் கைவிட்டுவிட்டாலும், ரஃபிள் என்னும் இலவச நிரல் அந்தக் கோப்புகளில் பலவற்றை ஓட்டுகிறது.

எங்கள் ஆய்வகச் சுவரில் மாணவர்களே எழுதி ஒட்டிய ஓர் அட்டை இருக்கிறது. இடப்பக்கம் மென்பொருளின் பெயர். அடுத்து 'லினக்ஸிலேயே உண்டு', 'வைனில் ஓடுகிறது', 'டாஸ்பாக்ஸ்', 'ஓடவில்லை' என்று நான்கு கட்டங்கள். யார் எதை முயன்றாலும் குறி போட்டு, தேதியும் எழுத வேண்டும். 'ஓடவில்லை' என்ற கட்டத்தில் போட்ட குறிகளை மட்டும் பென்சிலில் போடச் சொல்லியிருக்கிறேன். வைனின் அடுத்த பதிப்பு வரும்போது அவற்றை மறுபடி முயன்று பார்க்கிறோம்.